கேட்டலும் கேட்டலும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் வாசிப்பு மேசை திறந்துவைக்கப்பெற்ற ஞாயிறு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாறிவரும் காலத்தில் செய்திச் சாதனங்களும் நம் பண்பாடும் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் பேசுமாறு இம்மண்டபக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. கூட்டம் தொடங்குமுன் பின்வாயில் வழியே நுழைந்து சற்றுநேரம் நின்று பார்த்தோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த பதின்மருள் எண்மர் கைத்தொலைபேசியில் கண் பதித்திருந்தனர். இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. நம் சட்டைப்பையிலும் அப்பெட்டி ஒன்று உண்டு. மேடை ஏறுமுன் நாமும் அதனை இருமுறை எடுத்துப் பார்த்தோம். ஆயினும் அருகருகே அமர்ந்திருந்த அவ்வெண்மரும் எண்வேறு செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதும், ஒருவரேனும் பக்கத்தில் இருப்பவரிடம் தாம் பார்த்ததைக் காட்டவில்லை என்பதும் நம் கண்ணில் பட்டன. அதிலிருந்தே இவ்வுரையைத் தொடங்கலாம் எனத் தோன்றிற்று.

நம் மொழியில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காதால் கேட்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்றே பெயர். கற்றவரிடம் செவிவழியாகப் பெறும் அறிவு அங்கே பேசப்படுகிறது. அன்றாடப் பேச்சிலோ கேள்வி என்றால் வினா. முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்தது தற்செயலாகவே இருக்கலாம். மொழியறிஞர் வேறு காரணம் கூறவும் கூடும். எனினும் நாம் வளர்ந்த தோட்டத்து லயத்தில் அவ்விரண்டும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் நடந்தன என்பதை நாம் அறிவோம்.

அவ்விடம் அஞ்சடி. இன்றைய இளைஞர்க்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். லயத்து வீடுகளின் முன்புறம் ஒரே நீளமாக ஓடும் தாழ்வாரமே அது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருந்த எம் தோட்டத்தில், பால் நிறுத்துவிட்டு வந்து, குளித்து, சோறுண்டு, சற்றே கண்ணயர்ந்தபின், மாலை ஐந்து மணியளவில் ஆண்கள் அஞ்சடியில் வந்து அமர்வார்கள். அவ்வேளையில் நாளேடு வரும். வரும் என்றால் அன்றைய தாள் அன்று. முந்தைய நாளின் தாள். அது முதற்கண் கிராணியார் வீட்டுக்குச் செல்லும், அங்கிருந்து பள்ளி ஆசிரியர்க்கு, பின்னரே லயத்துக்கு. வந்து சேரும்போது மடிப்புகள் நைந்து, ஓரத்தில் காப்பிக் கறை படிந்திருக்கும். ஆயினும் அதனைக் கையில் வாங்குவோர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டே வாங்குவார்கள்.

கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு 'தமிழ் நேசன்' தோன்றியது. சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டு 'தமிழ் முரசு' தோன்றியது. இவ்விரு தாள்களும் லயத்து மக்களுக்குச் செய்தியை மட்டுமா தந்தன? 'முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1952ஆம் ஆண்டு தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தபோது, தோட்டந்தோறும் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் வந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை 1956ஆம் ஆண்டு அமைந்தது. அதற்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கெனத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டபோது, பல்கலைக்கழகம் எத்திசையில் உள்ளது என்றே அறியாத பால்வெட்டுத் தொழிலாளரும் தம்மால் இயன்றதை வழங்கினர். தாளை வாசிக்கக் கேட்டார்கள். 'அது என்ன, எதற்கு' என்று கேட்டார்கள். பிறகு மடியை அவிழ்த்தார்கள்.

வாசிப்பவர் யார் என்றால், பெரும்பாலும் சிறுவரே. பெரியோருள் எழுத்தறிந்தவர் மிகச் சிலர். அவர்க்கும் மாலையொளியில் கண் தெரியாது. நான்காம் வகுப்பைக் கடந்த பிள்ளை எவனாயினும் அப்பணி அவன் தலையில் விழும். 1957ஆம் ஆண்டு அது நமக்கு வாய்த்தது. கூலியும் உண்டு, ஐந்து காசு, அல்லது ஒரு கடலைமிட்டாய். கிராணியார் வீட்டில் அத்தாள் வாய்க்குள் வாசிக்கப்படும். லயத்தில் உரக்க வாசித்தாக வேண்டும். ஒரு சொல்லில் இடறினால் 'நிறுத்து தம்பி, இன்னொரு தரம் வாசி' என்று ஒரு குரல் எழும். ரப்பர் விலை இறங்கியது என்று வாசித்தால், 'எந்த ரப்பர்? முதல் தரமா, ஒட்டுப்பாலா?' என்று மற்றொரு குரல். 'நேத்து இதையே வேற மாதிரி வாசிச்சியே' என்பார் ஒருவர். நேற்றைய தாள் தேடி எடுக்கப்படும். தாள் தவறா, பையன் தவறா என்று வழக்கு நடக்கும். பெரும்பாலும் பையனே தவறு. எழுத்தறியாத அம்மனிதர்கள், இன்றைய செய்தியாளர் பலர்க்கும் இல்லாத ஒரு பழக்கத்தைக் கொண்டிருந்தனர். தமக்கு விளங்காத ஒன்றை விளங்கியதுபோல் விட்டுவிட மாட்டார்கள்.

ஆனால் ஒருநாள் விட்டுவிட்டார்கள். காரணம் நாமே. அதனைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

எம் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு முதியவர் குடியிருந்தார். திருச்சி மாவட்டத்திலிருந்து 1936ஆம் ஆண்டு வந்தவர். அவரும் அவர் தம்பியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஜப்பானியர் காலத்தில், சயாம் இரயில் பாதை வேலைக்கென அத்தம்பியை லாரியில் ஏற்றிச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது, தம்பி திரும்பவில்லை. இறந்தார் என்றும் செய்தி வரவில்லை. இருக்கிறார் என்றும் செய்தி வரவில்லை. ஆகவே அம்முதியவர் நாள்தோறும் நாளேட்டைக் கேட்க வந்து அமர்வார். நாம் தாளை விரித்ததும் அவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: 'சயாம் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா, தம்பி?' போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டு கடந்திருந்தது. 'இல்லை தாத்தா' என்போம். 'சரி, மத்ததை வாசி' என்பார்.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை அடைந்தது. புதிய அரசியலமைப்புச் சட்டத்தின்படி, இந்நாட்டில் போதிய ஆண்டுகள் வாழ்ந்தோர் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி இருந்தது. முதல் ஓராண்டு காலத்திற்குள் விண்ணப்பிப்போர்க்கு மலாய்மொழித் தேர்வும் வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது. நாடு முழுதும் பல இலட்சம் பேர் அவ்வாண்டில் பதிந்துகொண்டனர். அவ்விவரத்தை ஒருநாள் தாளில் நீண்ட பத்தியாக அச்சிட்டிருந்தார்கள். தலைப்பில் 'பிரஜாவுரிமை' என்னும் சொல் இருந்தது. அந்நாளில் குடியுரிமையை அவ்வாறே எழுதுவர். நாம் அச்சொல்லில் இடறினோம். இரண்டாம் முறையும் இடறினோம். பின்பக்கத்தில் திரைப்பட விளம்பரம் இருந்தது. அதனைப் பார்க்கும் ஆவல் நமக்கு. 'அது என்ன தம்பி?' என்று அம்முதியவர் கேட்டார். 'ஏதோ சர்க்கார் விளம்பரம் தாத்தா' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினோம்.

அவ்வளவே நடந்தது. அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

எம் தந்தையார்க்கு அச்செய்தி வேறு வழியாக வந்தது. 1954ஆம் ஆண்டு அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஒருவர் விண்ணப்பத் தாளுடன் வீட்டுக்கே வந்து, பெருவிரல் ரேகை வாங்கிச் சென்றார். லயத்தில் ஏழெட்டுப் பேர் அவ்வாறு பதிந்தனர். தகவல் இலாகாவின் பட வண்டியும் அவ்வாண்டில் ஒருமுறை வந்தது. அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை, அவ்வண்டி தோட்டங்களையும் புதுக்கிராமங்களையும் சுற்றிவந்ததைப் பெரியோர் மறந்திருக்க மாட்டீர்கள். திடலில் இரு கம்பங்கள் நட்டு வெள்ளைத் திரை கட்டுவர். முன்னால் இடம் கிடைக்காதவர் திரைக்குப் பின்னால் பாய் விரிப்பர். அவர்க்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தோன்றும், சண்டைக்காரர் யாவரும் இடக்கையால் வாள் வீசுவர். படத்துக்கு முன் அலுவலர் ஒலிபெருக்கியில் பேசுவார். அன்றைய அலுவலர் குடியுரிமை பற்றியே பேசினாராம். அன்றிரவு அம்முதியவர்க்குப் புகைக்கூடத்தில் காவல் வேலை.

எல்லாப் பழியையும் நம் தலையில் ஏற்றிக்கொள்ளவும் நாம் விரும்பவில்லை. அதுவும் ஒருவகைப் பெருமையடிப்பே. 'இன்னும் ரெண்டு வருசத்துல ஊருக்குப் போகத்தானே போறோம்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் அவ்வாறு சொல்லாதவர் எவர்? செய்தி விளங்கியிருந்தாலும் அவர் பதிந்திருக்கமாட்டார் என்று வாதிடலாம். அதனை இன்று எவராலும் அறிய இயலாது. நமக்குத் தெரிந்தது இதுவே: அவர் கேட்டார், நாம் விடை சொல்லவில்லை. சில ஆண்டு கழித்து அவர் விண்ணப்பிக்க எண்ணியபோது மொழித் தேர்வு குறுக்கே நின்றது. சந்தையில் மீனுக்குப் பேரம் பேசப் போதுமான மலாய்மொழி மட்டுமே அவர் அறிந்தது.

1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் பெற்றாலன்றி வேலையில் நீடிக்க இயலாது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் தோட்டந்தோறும் திகைத்து நின்றனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். அவர்களுள் அம்முதியவரும் அவர் மனைவியாரும் இருந்தனர். மணமாகி வேறு தோட்டத்தில் வாழ்ந்த மகள் இங்கேயே தங்கினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மண்ணில் பால் வெட்டியவர், இரண்டு தகரப் பெட்டிகளுடன் ரஜூலா கப்பலுக்குக் காத்து நின்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கிய கிள்ளான் துறைமுகத்துக்கு நாமும் வழியனுப்பச் சென்றிருந்தோம். பெட்டிகளை ஏற்றியபின் அவர் நம்மைப் பார்த்து, 'பேப்பர் ஏதாச்சும் வாங்கியாந்தியா, தம்பி? கப்பல்ல வாசிச்சுக் காட்ட யாராச்சும் இருப்பாங்க' என்றார். ஓடிச்சென்று அன்றைய தாளை வாங்கி வந்து கொடுத்தோம். அன்றுதான் அவர் கைக்கு முதன்முறையாகப் புதிய தாள் ஒன்று, மடிப்பு நையாமல், கறை படாமல் கிடைத்திருக்கக் கூடும்.

தோழர்களே, பழைய அஞ்சடியைப் பற்றி இவ்வளவு பேசியதால், அக்காலமே பொற்காலம் என்று நாம் கருதுவதாக எண்ணிவிடாதீர்கள். அஞ்சடியில் ஆண்கள் மட்டுமே அமர்ந்தார்கள். அதிகாலை இருளில் பிரட்டுக்கு நின்று, ஆணுக்கு நிகராக நிறை பிடித்து வெட்டி, காண்டாவில் பால் சுமந்த தாய்மார்கள், மாலையில் நாளேடு வாசிக்கப்படும் வேளையில் அடுப்படியில் இருந்தார்கள். கதவிடுக்கின் வழியே காதில் விழுந்ததே அவர்கள் பெற்ற செய்தி. விளங்காவிட்டால் அங்கிருந்து 'நிறுத்து தம்பி' என்று குரல் கொடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. எம் தாயார் இரவில் சோறு போடும்போது மெல்லிய குரலில் நம்மைக் கேட்பார்: 'சாயங்காலம் என்னமோ வாசிச்சியே, அது என்னடா?' அவருக்கும் நாம் பல நாள் சரியாக விடை சொன்னதில்லை.

இவ்வகையில் வானொலி செய்த தொண்டு பெரிது. மலாயா வானொலி 1946ஆம் ஆண்டு தொடங்கியது. முதலில் பேட்டரியில் இயங்கும் பெரிய பெட்டிகள். கிராணியார் வீட்டிலும், சில தோட்டங்களில் பொது மண்டபத்திலும் அவை இருந்தன. பின்னர் 1960களில் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் பெட்டி வந்தது. அது அடுப்படி மாடத்தில் ஏறி அமர்ந்தது. அம்மி அரைத்துக்கொண்டே செய்தி கேட்டார்கள். பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டே நாடகம் கேட்டார்கள். நாளேட்டைக் கையில் தொட்டறியாத பெண்கள் பிரதமர் பெயரும் அமைச்சர் பெயரும் சொன்னார்கள். கணவன்மாரைத் திருத்தவும் தொடங்கினார்கள். இதனால் எழுந்த குடும்பச் சச்சரவுகளைப் பற்றி ஒரு தனி உரையே ஆற்றலாம். நேயர் விருப்பத்திற்கு அஞ்சலட்டை எழுதுவதற்காகவே கையெழுத்துக் கற்றுக்கொண்ட பெண்ணொருவரை நாம் அறிவோம். வானொலியில் தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் வாசிக்கப்பட்ட அன்று, லயம் முழுவதற்கும் அவர் பாயசம் வழங்கினார். மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவே இன்று மின்னல் பண்பலையாக ஒலிக்கிறது. எம் தலைமுறைக்கு அக்குரல் சுற்றத்தார் குரல்போலாகும்.

தொலைக்காட்சியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1963 டிசம்பர் 28ஆம் நாள் இந்நாட்டில் அது தொடங்கியது. 1978இல் வண்ணம் பெற்றது. மின்சாரம் வராத லயங்களில் கார் பேட்டரியைக் கொண்டு ஓட்டினார்கள். வாரத்தில் ஒரு நாள் தமிழ்ப் படம். அன்று பெட்டி இருந்த வீட்டில் ஊரே கூடும். பிறகு வீட்டுக்கொரு பெட்டி வந்தது, ஒளிநாடா வந்தது, 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. அஞ்சடி வெறிச்சோடியது. அதற்காகத் தொலைக்காட்சியைச் சாடுவோர் உளர். நாம் அவருடன் சேரவில்லை. எட்டு மணி நேர உழைப்புக்குப்பின் தம் வீட்டில், தம் பாயில் சாய்ந்து படம் பார்க்க விரும்புவது குற்றமாகாது.

கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். அன்று பிறர்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் நம் போன்ற சிறுவர் பணியே. 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்காத கடிதமே கிடையாது. வீட்டில் பிணம் கிடந்தாலும் முதல் வரி நலம் என்றே இருக்கும். இன்றோ எழுத்தறியாத ஒரு மூதாட்டி, புலனத்தில் பொத்தானை அழுத்திச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்குத் தம் குரலையே அனுப்புகிறார். மகன் அக்குரலின் தளர்ச்சியைக் கேட்டே தாய்க்குக் காய்ச்சல் என அறிகிறான். இடையில் எழுதிக் கொடுக்கும் சிறுவன் இல்லை. அவன் விட்டுவிடும் சொல்லும் இல்லை. இது நன்மை என்பதில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை.

ஆனால் அதே புலனத்தில் வருவன எல்லாம் மகனின் குரல் அல்ல. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாம் வீட்டுக்குள் அடைந்திருந்த நாள்களை நினைவுகூருங்கள். பூண்டு தின்றால் நோய் அணுகாது என்று ஒரு செய்தி. வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று ஒரு செய்தி. பூண்டு அந்நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக அறிவித்தது. ஆயினும் ஒரே நாளில் அச்செய்தி நமக்கு ஒன்பது பேரிடமிருந்து வந்தது. ஒன்பதின்மரும் நம்பால் அன்புடையோர். நாம் நலமாக இருக்கவேண்டும் என்றே அனுப்பினர். அவருள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டோம். அவர் சற்றே மனம் வருந்தி, 'நல்லதுன்னுதானே அனுப்பினேன், கேள்வி கேக்கறீங்களே' என்றார்.

அச்சொல்லை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். அஞ்சடியில் கேள்வி கேட்பது வாசிப்பவரை அவமதிப்பதாகக் கருதப்படவில்லை. கேட்காமல் எழுந்து போவதே அவமதிப்பு. இன்று அது தலைகீழாயிற்று. திரைக்குப் பின்னால் பாய் விரித்தவர் பார்த்த படம்போல. பத்து வயதுப் பையன் தவறாக வாசித்தால் இருபது பேர் திருத்த அருகில் இருந்தனர். எவர் பேசுகிறார் என்றே தெரியாத குரல்பதிவு நள்ளிரவில் தனியே படுத்திருப்பவர் காதில் ஒலிக்கும்போது, 'நிறுத்து, இன்னொரு தரம் சொல்' என்று கேட்க அங்கே எவரும் இல்லை. பொய்ச்செய்திகளை ஆராய்ந்து மெய்யைக் கூறுவதற்கென 'செபெனார்ஞா' என்னும் இணையத்தளத்தை நம் நாட்டுத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டு தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்னும் ஐயம் முதலில் ஒருவர்க்குத் தோன்றவேண்டுமே!

பொய் வருவதைவிட நமக்குக் கவலை தருவது மற்றொன்று. மெய்யான செய்தி வந்தும் அது விளங்காமற் போவதே அது. 2011ஆம் ஆண்டு, பத்திரங்கள் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்கென 'மைடஃப்தார்' இயக்கம் நடைபெற்றது. ஒரு சிறுநகரத்தில் விண்ணப்பத் தாள் நிரப்பும் மேசையில் நாமும் தொண்டராக அமர்ந்திருந்தோம். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, பால் வெட்டியே மூப்படைந்தவர்கள் வந்தனர். சிவப்பு அட்டையுடன் சிலர். பிறப்புப் பத்திரமே இல்லாமல் சிலர். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தோட்ட மருத்துவமனையின் பழைய சீட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 'இவ்வளவு காலம் ஏன் வரவில்லை, அம்மா?' என்று கேட்டோம். தம் அட்டைக்கும் பிறர் அட்டைக்கும் நிறம் வேறு என்பது தமக்குத் தெரியும். அதற்கு என்ன பொருள் என்பதை எவரும் சொன்னதில்லை என்றார். இலாகாவிலிருந்து ஒருமுறை கடிதம் வந்ததாம். மலாய்மொழியில் இருந்ததால், பேரன் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்ல பாட்டி' என்று மடித்து வைத்துவிட்டானாம். இயக்கம் பற்றிய செய்தியும் அவர்க்கு வானொலியாலோ நாளேட்டாலோ வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலிருந்து கூவிச் சொன்னாளாம்.

'ஒண்ணும் இல்ல பாட்டி.' அச்சொல்லைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழக்கும் வரையில் அதனை எடுக்க இயலவில்லை.

1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 95 ஆண்டுகள் வெளிவந்து 2019ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. அன்று பலர் புலனத்தில் கண்ணீர் வடித்தனர். அவருள் எத்தனை பேர் அதற்கு முந்தைய மாதம் அத்தாளைக் காசு கொடுத்து வாங்கினர் என்று கேட்க நினைத்தோம், கேட்கவில்லை. நாமே நாள்தோறும் வாங்கியதில்லை. தோட்டங்களும் மாறிவிட்டன. பால்மரம் இருந்த காடுகளில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டன. மக்கள் பட்டணத்து அடுக்ககங்களுக்குச் சென்றனர். எஞ்சியுள்ள தோட்டங்களில் நம்முடன் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கின்றனர். அவர்களும் இரவில் தொலைபேசியில் தம் ஊர்க்குரலைக் கேட்டே உறங்குகின்றனர். அவர்களுக்கு வரும் பத்திரங்களை அவர்களுக்கு விளங்கச் சொல்பவர் யார் என்பதும் எண்ணத்தக்கதே. நம் பாட்டன்மார் அந்நிலையில் இருந்தவர்களே.

இம்மண்டபத்தின் ஓரத்தில் குழுவினர் ஒரு மேசையை இட்டிருக்கின்றனர். அதன் ஏற்பாட்டைச் சொல்லுமாறும் நம்மைப் பணித்துள்ளனர். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுள் ஒருவர் அன்றைய தமிழ்த் தாளை உரக்க வாசிப்பார். இலாகாக் கடிதங்கள், வங்கிக் கடிதங்கள், ஊழியர் சேமநிதிக் கடிதங்கள் எவையேனும் வந்திருந்தால் கொண்டுவரலாம். மலாய்மொழி நன்கறிந்த இளைஞர் இருவர் படித்துத் தமிழில் சொல்வர். புலனத்தில் வந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஐயம் இருந்தால் அதனையும் கொண்டுவரலாம். தாய்மார்கள் கதவோரத்தில் நிற்க வேண்டியதில்லை; அவர்களுக்கென முதல் இரு வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. சமையல் இருக்கிறதே என்பீர்கள். ஞாயிறு ஒருநாள் ஆடவர் அரிசி களைந்து உலையில் இட்டால் சோறு வேகாமற் போய்விடாது.

அம்முதியவர் தமிழ்நாட்டிலிருந்து நமக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொல்ல, ஊர்ப்பையன் ஒருவன் எழுதுவான். வான்கடிதத் தாளில், ஓரத்திலும் இடம் விடாமல், நுணுக்கி எழுதியிருக்கும். மழை இல்லை என்பார். மகளைப் போய்ப் பார்த்தாயா என்பார். தோட்டத்துத் துரை மாறிவிட்டாரா என்பார். கடைசியில் எப்போதும், 'இன்னும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாயா?' என்று இருக்கும். 1983ஆம் ஆண்டு அவர் மறைந்த செய்தி அதே கையெழுத்தில் வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அவருக்கு நாம் எழுதிய கடிதங்கள் முப்பதுக்குக் குறையா. அப்பத்தியைப் பற்றி ஒன்றிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டால், ஊர்ப்பையனை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லியிருப்பார் என்றே தோன்றுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று குழுத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்றைய தாளை வாசிப்பதற்கு ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆயத்தமாக நிற்கிறாள். மூன்றாம் பக்கத்தில், ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்க்குரிய அறிவிப்பு ஒன்று சற்றே நீளமாக உள்ளது, சொற்களும் கடினம். பின்வரிசையில் இருப்போர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னே வாருங்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவோம், பிள்ளையின் குரலே போதும். வாம்மா, இங்கே விளக்கின் கீழ் நின்று வாசி. விளங்காதவர்கள் கையைத் தூக்குங்கள்.